மூணடுக்கு மண்பானை கம்போஸ்டர் – வாங்கலாமா?

மாடியில இருக்கற பானைய பாத்துட்டு தெரிஞ்சவங்க எல்லாரும் இதையே கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். வீட்டு சமையல் குப்பைய உரமாக்கற மண்பானை செட், ஒண்ணு மேல ஒண்ணா மூணு பானை, ஒரு மூடி, கிளறி விட ஒரு சின்ன முள்ளுக் கரண்டி, கூடவே குப்பை மேல தூவ ஒரு பை பவுடர். ஆன்லைன்ல வாங்கினது, மூவாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. வந்தப்போ நடு பானைல விளிம்பு உடைஞ்சிருந்தது, போட்டோ அனுப்பினதும் வேற பானை அனுப்பிட்டாங்க, ஆனா அதுக்கு ரெண்டு வாரம் இழுத்தடிச்சாங்க. மண்பானைய கூரியர்ல வாங்கினா இந்த தலவலி இருக்கத்தான் செய்யும், உங்க ஊர்ல குயவர் யாராவது இருந்தா பக்கவாட்டுல ஓட்டை போட்டு செஞ்சு குடுங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதி விலைக்கே முடியும்.

வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். மேல் பானைல தினமும் காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல் எல்லாம் போட்டு, அது மேல காய்ஞ்ச சமாச்சாரம் ஏதாவது தூவி மூடிடணும். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு ஒரு பானை நிறைய கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும். நிறைஞ்சதும் அத நடுவுல மாத்திட்டு காலி பானைய மேல கொண்டு வந்துடணும், அதுவும் நிறைஞ்சா நடுவுல இருக்கறத அடிப் பானைல கொட்டி மக்க விடணும், அவ்ளோதான். பானை பக்கவாட்டு ஓட்டை வழியா காத்து உள்ள போகும், மண்ணுங்கறதால ஈரத்தையும் கொஞ்சம் இழுத்துக்கும், பிளாஸ்டிக் தொட்டிய விட இது தேவலைன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். கொஞ்ச நாள்ல வெளிப்பக்கம் வெள்ளையா உப்பு பூத்த மாதிரி வரும், பயப்படாதீங்க, ஈரத் துணிய வச்சு தொடச்சா போயிடும்.

இப்போ அந்த பவுடர் விஷயத்துக்கு வரேன், ஏன்னா இந்த செட்டோட நல்லதும் கெட்டதும் அதுலதான் இருக்கு. குடுக்கற பை ஒரு மாசத்துக்கு மேல வராது, அப்புறம் மாசாமாசம் வாங்கணும், பானைல இல்லாத லாபம் அவங்களுக்கு இதுலதான். பிரிச்சு பாத்தா முக்கால்வாசி தேங்காய் நார்த்தூள்தான், அதுல கொஞ்சம் நுண்ணுயிர் கலந்திருக்கு. மக்கறதுக்கு தேவையானது என்னன்னா, சமையல் குப்பைல நைட்ரஜன் ஜாஸ்தி, ஈரம் ஜாஸ்தி, அதுக்கு ஈடா கார்பன் இருக்கற காய்ஞ்ச பொருள் வேணும், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25லேர்ந்து 30 பங்கு கார்பன்னு சொல்லுவாங்க. கணக்கெல்லாம் போட வேண்டாம், ஒரு கிண்ணம் குப்பை போட்டா முக்கால் கிண்ணம் காய்ஞ்சது போடுங்க, அது போதும். அந்த காய்ஞ்சதுக்கு தெருவுல கூட்டிக் குவிச்சு வச்சிருக்கற வேப்பிலைச் சருகு ஓசிலயே கிடைக்கும், நர்சரில நார்த்தூள் கட்டி கிடைக்கும், அஞ்சு கிலோ கட்டி ஒண்ணு வாங்கினா மாசக்கணக்குல வரும், தண்ணி தெளிச்சு உதிர்த்து வெயில்ல காய வச்சு வச்சுக்கோங்க. மரத்தூளும் போடலாம் ஆனா பிளைவுட் அறுக்கற கடைத் தூள் வேண்டாம், அதுல பசை இருக்கும். நுண்ணுயிருக்கு புளிச்ச மோர் ரெண்டு கரண்டி இல்லன்னா ஏற்கனவே மக்கின உரம் ஒரு பிடி. ரெண்டாவது பை பவுடர் நான் வாங்கவே இல்ல, எந்த வித்தியாசமும் தெரியல.

நாத்தம் வருமாங்கறதுதான் அடுத்த கேள்வி. ஈரம் ஜாஸ்தியானா வரும், அப்போ காத்து போகாம அழுகிப் போயிடும், அழுகின முட்டை வாடை வந்தா அதுதான். கையில எடுத்து பிழிஞ்சு பாருங்க, ஈரம் தெரியணும் ஆனா சொட்டக் கூடாது. சொட்டினா சருக கொட்டி கிளறி விடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும். சரியா போயிட்டிருந்தா மூடிய திறக்கறப்போ கை பொறுக்கற சூட்டுல ஆவி வரும், மழை பெஞ்ச மண் வாசன அடிக்கும்.

புழு. இதுக்கு பயந்துதான் முக்கால்வாசி பேர் பானைய அப்படியே மூலைல போட்டுடறாங்க. எங்க மாமியார் ஒரு நாள் காலைல மூடிய திறந்து பாத்துட்டு "ஏம்மா, இத ஒரு நிமிஷம் வந்து பாரு, இத வீட்டுக்குள்ளயா வச்சிருக்க"ன்னு கத்தின கத்துல கீழ் வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. தடிச்ச, பழுப்பு நிற புழுவா இருந்தா அது பெரும்பாலும் கருப்பு சிப்பாய் ஈயோட புழு, வீட்டு ஈ மாதிரி வியாதி பரப்பாது, சொல்லப் போனா குப்பைய வேகமா தின்னு தீர்க்கறதே அதுதான். பாக்க சகிக்கலைன்னா வேப்பம் புண்ணாக்கு தூவி சருகால நல்லா மூடிடுங்க, குறைஞ்சிடும். மாமியாருக்கு இப்பவும் அந்த பானை பக்கம் போக மனசு வரல, உரம் மட்டும் கேட்டு வாங்கிக்கறாங்க, செம்பருத்திக்கு.

மீந்த சாதம், சாம்பார்ல தண்ணிய வடிச்சுட்டு கொஞ்சமா போடலாம், எண்ணெய் மிதக்கற குழம்பு வேண்டாம். மீன் முள்ளு, கறி எலும்பு போட்டீங்கன்னா மாடிக்கு பூனை, எலி, எல்லாம் விருந்துக்கு வந்துடும். முட்டை ஓட்ட நொறுக்கி போடுங்க, மாங்கொட்டையும் தேங்காய் மட்டையும் போட்டா அடுத்த வருஷம் வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கும்.

சரி, இவ்ளோ மெனக்கெட்டு என்னத்துக்கு, வாசல்ல வண்டி வருது அதுல குடுத்துட்டு போலாமேன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா நான் இருக்கறது வேளச்சேரி பக்கம், பெருங்குடி குப்பைமேடு எங்களுக்கு அவ்ளோ ஒண்ணும் தூரமில்ல. 2022 ஏப்ரல்ல அது தீப்புடிச்சு நாள் கணக்கா எரிஞ்சப்போ ஜன்னல சாத்திட்டு உள்ளயே கிடந்தோம். சென்னைல தினமும் 5000 டன்னுக்கு மேல குப்பை சேருது, அதுல பாதிக்கு கிட்ட நம்ம அடுப்படிலேர்ந்து போற ஈரக் குப்பை. அத பிளாஸ்டிக் கவரோட சேத்து மேல மேல கொட்டினா காத்தே இல்லாம அழுகி மீத்தேன் வாயு வரும், அது தீய சட்டுன்னு புடிச்சுக்கும். அடியில வடியற கறுப்புத் தண்ணி நிலத்துக்குள்ள இறங்கும், பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022லதான் அதுக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற அங்கீகாரம் கிடைச்சது, ஒரு பக்கம் பூநாரை நிக்குது இன்னொரு பக்கம் குப்பை மலை. அப்புறம் பெருங்குடிலயும் வடசென்னைல இருக்கற கொடுங்கையூர் குப்பைமேட்டுலயும் பயோமைனிங்னு பழைய குப்பைய தோண்டி, சலிச்சு, மண்ணு தனியா கல்லு தனியா பிளாஸ்டிக் தனியா பிரிக்க ஆரம்பிச்சாங்க, பிளாஸ்டிக்க சிமெண்ட் ஆலைக்கு எரிக்க அனுப்பினாங்க. நல்ல வேலைதான், ஆனா கோடிக்கணக்குல செலவு பண்ணி மெஷின் வச்சு பிரிக்கறத நம்ம சிங்க்குக்கு பக்கத்துல ரெண்டு டப்பா வச்சா சும்மாவே பிரிச்சிருக்கலாம். பிரிச்சுத்தான் குடுக்கணும்னு 2016லயே திடக்கழிவு மேலாண்மை விதி வந்தாச்சு, எங்க தெருவுல எத்தன பேர் பிரிச்சு குடுக்கறாங்கன்னு கேக்காதீங்க.

இந்த பானை வந்ததுக்கு அப்புறம் நான் எதிர்பாக்காத லாபம் ஒண்ணு, ஈரம் போயிட்டதால மிச்ச குப்பை நாறவே மாட்டேங்குது. பால் கவர கழுவி காய வச்சா பேப்பர் கடைக்காரரே எடுத்துக்கறாரு, அட்டப் பெட்டி, பாட்டில் எல்லாத்துக்கும் காசு. வண்டிக்கு குடுக்கறது நாப்கின், டயப்பர், சிப்ஸ் கவர் மாதிரி யாரும் வாங்காத அயிட்டம் மட்டும்தான். வண்டில வர்ற அக்கா முதல் வாரம் "என்னம்மா ஊருக்கு போயிருந்தீங்களா, குப்பையே வரல"ன்னு கேட்டாங்க. பானைய பத்தி சொன்னதும் "எல்லா வீட்டுலயும் இப்படி பண்ணா எங்களுக்கு கையில அழுகினது படாதும்மா"ன்னாங்க. கையுறை போட்டுருந்தாலும் அந்த கவர பிரிச்சு கொட்டறது அவங்கதானே, அத யோசிச்சா சிப்ஸ் கவர கூட தனியா போடத் தோணும்.

உரம் எப்படின்னா, கறுப்பா, பொலபொலன்னு, டீத்தூள் மாதிரி வருது. சலிச்சு மண்ணோட கலந்து போடுங்க, தனியா தொட்டி நிறைய போட்டா செடி கருகிடும். சலிக்காம போட்டதுல தக்காளியும் பூசணியும் தானா முளைச்சு வந்துச்சு, அது போனஸ்.

குறைன்னு பாத்தா கனம். நிறைஞ்ச பானைய ஒரு ஆளா தூக்கி மாத்தறது கஷ்டம், முதுகு வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க, நான் தூக்கறதுக்கு பதிலா உள்ள இருக்கறத வாளில அள்ளி மாத்திக்கறேன். மூடி சரியா உக்கார மாட்டேங்குது, பொடி ஈ புகுந்துடுது, பழைய வேட்டித் துணி ஒண்ண மேல கட்டி விட்டிருக்கேன். அதோட கூட குடுத்த நோட்டீஸ்ல சருகு பத்தி ஒரு வார்த்த இல்ல, பவுடர் ஆர்டர் பண்ற நம்பர் மட்டும் பெருசா போட்டிருக்காங்க.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், பானைக்கு நாலு, பவுடர் வியாபாரத்துக்கு அரை மார்க் கட். காசு போட யோசனையா இருந்தா பழைய பெயிண்ட் பக்கெட் ரெண்டுல சூடான கம்பியால ஓட்டை போட்டு இதே முறைல மூணு மாசம் செஞ்சு பாருங்க, கை பழகினதுக்கு அப்புறம் பானை வாங்கிக்கலாம். பெரிய அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க ஆளுக்கொரு பானை வாங்கறத விட அசோசியேஷன்ல பேசி பொதுவா ஒரு கம்பி வலைத் தொட்டி போட்டுக்கறது லாபம். எதுவா இருந்தாலும் ஐப்பசி கார்த்திகைல மட்டும் ஆரம்பிக்காதீங்க, சருகு ஒண்ணும் காயாது, தை மாசம் தொடங்கினா பங்குனி வெயில் வர்றப்போ முதல் உரம் கைக்கு வந்துடும்.