அம்மாவின் ஓய்வு விருந்து: பிஸ்ட்ரோ மேசையா, மண்டபமா, வீட்டு முற்றமா?

அறுபது வயதில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெறும் ஒரு தாய்க்குப் பிள்ளைகள் சேர்ந்து பகல் விருந்து வைக்க நினைத்தால், மட்டக்களப்பில் இப்போது மூன்று யோசனைகள் மேசைக்கு வருகின்றன. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ ஐரோப்பியச் சமையல் தெரிந்த ஓர் உணவகத்தில், பிஸ்ட்ரோ எனப்படும் சிறிய பிரெஞ்சு உணவகங்களின் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்படும் சாப்பாடு முதலாவது யோசனை. நகரத்து மண்டபத்தில் பஃபே வைப்பது இரண்டாவது. சமையல்காரரை அழைத்து வீட்டு முற்றத்தில் பந்தல் போடுவது மூன்றாவது. பாரிஸ் லா சப்பல் பக்கமிருந்து விடுமுறையில் வந்திருக்கும் தம்பி முதலாவதைச் சொல்வார், பெரியம்மா மூன்றாவதைச் சொல்வார், இருவரையும் பகைக்க விரும்பாதவர் மண்டபத்தைச் சொல்வார்.

ருசியை மட்டும் அளவுகோலாக எடுத்தால் இந்த ஒப்பீடு தொடங்குமுன்பே முடிந்துவிடும். வாவி நண்டில் வைத்த குழம்புக்கு முன்னால் வெண்ணெய்ச் சாறு நிற்காது என்பதே நம்மில் பெரும்பாலோரின் தீர்ப்பாக இருக்கும். ஆகவே இங்கே வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன்: யாருக்காக விருந்து வைக்கப்படுகிறதோ அவர், முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை, தன் கதிரையில் இருந்து சாப்பிடுவாரா?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது வீட்டு முற்றம்தான். உணவில் அதற்கு நிகரில்லை. இறால் பொரியல், கணவாய்க் கறி, கீரைச் சுண்டல், சொதி, கடைசியில் கித்துள் பாணி ஊற்றிய எருமைத் தயிர் என்று வரும் பந்தியை எந்த உணவகமும் அதே சூட்டில் தர முடியாது. ஆனால் கூலிக்குச் சமையல்காரர் வந்தாலும் பெரிய அகப்பை எங்கே, இரண்டாம் பால் போதுமா, முருங்கைக்காய் யாருக்கு ஆகாது என்று அவர் கேட்பது அம்மாவிடம்தான். ‘இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?’ என்று இலை இலையாகப் போவதும் அம்மாதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவர், தன் விருந்திலும் நின்றுகொண்டேயிருந்து, ஆண்களும் பிள்ளைகளும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றோடு உட்காருவார். இதை உபசாரம் என்று புகழ்வது நமக்குப் பழகிப்போன சௌகரியம்.

மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐம்பது, நூறு பேரை அழைத்தே ஆகவேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வரும் சக ஆசிரியர்களுக்கு ஹலால் புரியாணி, சைவச் சாப்பாட்டுக்காரருக்குத் தனி வரிசை என்று இரண்டையும் குழப்பமின்றி நடத்த மண்டபக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே அம்மா மாலையோடு மேடையில் இருப்பார். படம் எடுத்து முடிந்து அவர் தட்டோடு வரிசைக்கு வரும்போது இறால் தட்டில் வெங்காயம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பிஸ்ட்ரோ மேசையின் பலம் அதன் ஒழுங்கில் இருக்கிறது. பிறப்பு, திருமணம், பிறந்தநாள் போன்ற வாழ்வின் முக்கிய தருணங்களைக் கொண்டாடப் பிரெஞ்சுக்காரர் கூடி உண்ணும் விருந்து முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2010ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே சேர்க்கப்பட்டது ஏதோ ஒரு கறியோ கேக்கோ அல்ல. பசியைத் தூண்டும் பானத்தில் தொடங்கி, முன்னுணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, சீஸ், இனிப்பு என்று படிப்படியாகச் செல்லும் வரிசையும், மேசையை அழகுபடுத்துவதும், கூடியிருந்து பேசுவதுமே. பிஸ்ட்ரோ இதன் எளிய, சிறிய வடிவம். பெரும்பாலும் முன்னுணவு, பிரதான உணவு, இனிப்பு என்ற மூன்றோடு நின்றுவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் முடித்து, அடுத்த தட்டுக்காக ஒன்றாகக் காத்திருக்கும் இந்த முறையில் அம்மா எழுந்து போவதற்குக் குசினி என்ற ஒன்று இல்லை. என் பார்வையில் இந்த ஒரு காரணமே அதன் பாதிக் குறைகளை மன்னிக்கப் போதுமானது.

மீதிப் பாதிக் குறைகளோ சிறியவை அல்ல. பிரெஞ்சுச் சமையலின் புகழ்பெற்ற பண்டங்களில் பல நம் குடும்பங்களின் விலக்குகளோடு நேராக மோதுகின்றன. வெங்காய சூப்பைப் பார்த்தால் சைவம்போலத் தோன்றும். வெண்ணெயில் நெடுநேரம் வதங்கி மண்ணிறமான வெங்காயமும், மேலே உருகிய சீஸ் போர்த்திய பாண் துண்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது மிதக்கும் சாறு, மரபுப்படி மாட்டெலும்பில் எடுத்தது. கொக் ஓ வன் என்ற கோழிக் கறி சிவப்பு வைனில் வேகுவது. அதில் பன்றி இறைச்சித் துண்டுகளும் சேரும். ஆகவே அது ஒரே மேசையில் இந்து மாமியையும் முஸ்லிம் நண்பரையும் ஒருசேரச் சங்கடப்படுத்தக் கூடியது. லொரேன் பகுதியின் கீஷ் என்ற, முட்டைக் கலவை ஊற்றிச் சுட்ட மாப் பண்டத்திலும் பன்றி இறைச்சி உண்டு.

அதற்காக மேசையைக் கைவிட வேண்டியதில்லை. தெரிவு செய்யத் தெரிந்தால் போதும். நீஸ் நகரத்து ரட்டட்டூய் நம் சைவக்காரருக்கு அப்படியே பொருந்தும். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றை ஒலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைக்கும் அந்தக் கறியில் பாலோ முட்டையோ இல்லை. மீனுக்கு முனியேர் முறை நல்லது. மாவில் புரட்டிய மீனை வெண்ணெயில் பொரித்து, நுரைத்துப் பழுப்பேறிய வெண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மேலே ஊற்றி, நறுக்கிய பார்ஸ்லி இலை தூவித் தருவார்கள். பிரான்ஸில் இதற்குப் பெயர்போனது சோல் என்ற தட்டை மீன். இங்கே கொடுவா கிடைத்தால் அதையே கேளுங்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே சதை இதழ் இதழாகப் பிரிவதாகவும் வரும் அந்தத் துண்டில் உறைப்பு இல்லையே என்று பெரியம்மாவும் முகம் சுழிக்க மாட்டார். எலுமிச்சைப் புளிப்பு அந்த இடத்தை ஓரளவு நிரப்பிவிடும்.

இனிப்பில் போட்டி மிக நெருக்கமானது. முட்டை மஞ்சட்கரு, பாலாடை, சீனி, வனிலா ஆகியவற்றால் ஆன கிரேம் ப்ரூலேயின் மேற்பரப்பில் சீனியைத் தூவி நெருப்பால் உருக்கிக் கண்ணாடிபோல் இறுகச் செய்கிறார்கள். கரண்டியால் தட்டினால் அது உடையும் சத்தத்துக்காகவே பிள்ளைகள் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள். கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் சேர்த்து அவிக்கும் நமது வட்டிலப்பமும் முட்டையைப் பாலில் இறுகவைக்கும் அதே தத்துவத்தில் உருவானதுதான். வாசனையில் வட்டிலப்பம் ஒரு படி மேல் என்பது என் கருத்து. பிரெஞ்சுக் கிண்ணத்துக்கு அந்த உடையும் தோல் மட்டுமே கூடுதல் லாபம்.

காலமும் தூரமும் அடுத்த சிக்கல். மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா சுமார் 35 கிலோமீற்றர். அறுகம்பை கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக நூறு கிலோமீற்றருக்கும் மேல். முதியவர்களை வேனில் ஏற்றி ஒரே பகலில் அறுகம்பைக்குப் போய்த் திரும்புவது விருந்தைத் தண்டனையாக்கிவிடும். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்க்காரருக்கே அது பொருந்தும். மேலும் அறுகம்பையில் கடற்சறுக்குப் பருவம் சித்திரை தொடங்கி ஐப்பசிவரை; அது முடிந்ததும் பல கடைகள் மூடிவிடும். ஆடி, ஆவணியில் வைத்தால் நடுப்பகலில் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும். ஓலைக் கூரையின் கீழ்த் திறந்த வெளியில் உட்கார்ந்து சூடான சூப் குடிப்பது அப்போது யாருக்கும் இன்பமாக இராது. குளிரூட்டிய உள்ளறை மேசை இருக்கிறதா என்று கேட்டே பதிவு செய்யவேண்டும்.

மூன்று கட்டச் சாப்பாடு இரண்டு மணித்தியாலம் எடுக்கும். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வீட்டு வழக்கப்படி மேசைக்கு வருமுன்பே அதை முடித்துவிட்டால், முதல் தட்டு வரத் தாமதிக்கும்போது தடுமாறிப்போவார். பாண் கூடையை உட்கார்ந்தவுடனேயே வைக்கச் சொல்வது நல்லது.

செலவைப் பொறுத்தவரை தலைக்கணக்கில் பிஸ்ட்ரோவே அதிகம். விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு வழக்கமான 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேரும். வரிக்குப் பதிவுசெய்த இடமாயின், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் சேரும். சேவைக் கட்டணத்தையும் கூட்டி வரி கணிக்கும் இடத்தில் 1,000 ரூபாய்ச் சாப்பாடு பில்லில் 1,298 ரூபாயாக வந்து நிற்கும். ஆனாலும் பத்துப் பேருக்கு மண்டபம் எடுக்க முடியாது, வீட்டில் பத்துப் பேரோடு பந்தல் நிற்காது. சொந்தக்காரர் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். மொத்தச் செலவில் பிஸ்ட்ரோ மலிவாக முடிவதும் உண்டு.

எனவே பத்து, பன்னிரண்டு பேருக்குள் அடங்கும் குடும்பமாயின் நான் பாசிக்குடாப் பக்கத்து பிஸ்ட்ரோ மேசையையே தேர்வேன். அதற்கு மேல் ஒருவர் கூடினாலும் தேர மாட்டேன், ஏனெனில் நீண்ட மேசையில் ஒரு முனைக்கு மீன் வரும்போது மறுமுனை சூப்போடு இருக்கும். வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது புத்தி. பல வீடுகளில் அன்று மரக்கறி, முஸ்லிம் நண்பருக்கோ ஜும்ஆத் தொழுகை. தம்பிக்கு வைன் இல்லாமல் முடியாதென்றால் முழுநிலா நாளான போயா தினமும் வேண்டாம், அன்று மதுபான விற்பனைக்குத் தடை. சில நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசி, சூப்பின் சாறு எதில் எடுப்பது, எந்தக் கறியில் வைன் சேர்கிறது, சைவத் தட்டுக்குத் தனிச் சட்டி உண்டா என்ற மூன்றையும் சமையல்காரரிடமே கேட்டு, எல்லோருக்கும் ஒரே பட்டியலை முடிவு செய்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துச் சக ஆசிரியர்களுக்கு வேறொரு பகலில் மண்டபத்தில் புரியாணி கொடுக்கலாம். பெரியம்மாவின் நண்டுக் குழம்புக்கு அதற்கடுத்த ஞாயிறு இருக்கிறது, அன்று அகப்பையைத் தம்பி பிடிக்கட்டும்.