நான்கு தாளில் ஒரே சுவர், நான்கு நிறம்: 9,800 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலை கூரியரில் வந்த அச்சுத் தாள் உருளையைப் பிரித்தேன். அப்போது பற்றிக்கொண்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வீட்டு வரைபடம் போடுகிறவர்கள் யாரும் இந்தக் குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வீடு வடிவமைக்கிறேன். சுவருக்கு வெளிர் சந்தன நிறம், படிக்கட்டு ஜாலிக்குச் (காற்றும் வெளிச்சமும் வரும் துளைத் தடுப்பு) சுட்ட செங்கல் நிறம் என்று அவரும் அவர் மனைவியும் பெயின்ட் கம்பெனியின் ஷேடு கார்டைப் (நிற அட்டை) பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு பக்க எலிவேஷனையும், அதாவது வெளிமுகப்பு வரைபடத்தையும், பெரிய ஏ1 தாளில் வண்ணத்தில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். பெரிய தாளில் அச்சடிக்கும் பிளாட்டர் என்னிடம் இல்லை. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளின் கோப்பை இணையம் வழியாக வாங்கி, நிறத்தைச் சரிசெய்து, அச்சடித்து அனுப்பும் ஒரு தளத்தை நாடினேன்.

தொலைபேசியில் பேசியவர் எடுத்த எடுப்பில் கேட்டது இது: "பெயின்ட் ஷேடு எண் என்ன சார்?" இத்தனை வருடத்தில் எந்த அச்சுக்கடையிலும் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. "கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிளாட்டரை ஓட்டுவோம், நிறத்துக்கு நான் பொறுப்பு" என்றார். அச்சடித்த தாளின் மேல் ஷேடு கார்டு வைத்த ஒரு படமும் அனுப்பினார். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டேன். அச்சுக்கு 7,200, நிறத் திருத்தத்துக்கு 2,600. மொத்தம் 9,800 ரூபாயை மறுபேச்சின்றி அன்றே அனுப்பினேன்.

வந்தது என்ன? கிழக்கு முகப்பில் சந்தனம், தெற்கில் மஞ்சள், மேற்கில் காவி, வடக்கில் சாம்பல். நான்கும் ஒரே சுவர், ஒரே பெயின்ட். ஜாலி காய்ந்த ரத்தம் போல் கறுத்திருந்தது. ஆசிரியர் தாள்களைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். "தம்பி, பின்பக்கத்துக்கு வேறு நிறமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரவு அவர்கள் திருப்பி அனுப்பியிருந்த கோப்பைத் திறந்தேன். ரெவிட்டில் சுவர், ஜாலி என்று ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் கிராபிக்ஸ் பகுதியில் ஆர்.ஜி.பி. எண்களை (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) நானே ஒவ்வொன்றாகப் போட்டிருந்தேன். அவர்கள் 'யூஸ் ரெண்டர் அப்பியரன்ஸ்' கட்டத்தில் டிக் செய்திருக்கிறார்கள். அதைச் செய்தால் நாம் போட்ட எண் போய்விடும், ரெண்டர் (நிஜம் போன்ற படம்) எடுப்பதற்கான அமைப்பிலுள்ள நிறம் அந்த இடத்தில் வந்து உட்காரும். போதாததற்கு எலிவேஷன்களை 'ஷேடட்' பாணியில் விட்டிருக்கிறார்கள். அதில் ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப ஒரே நிறம் வெளுக்கும், கறுக்கும். எந்தப் பக்கம் திரும்பிய சுவருக்கும் ஒரே நிறம் வேண்டுமென்றால் 'கன்சிஸ்டென்ட் கலர்ஸ்' வைக்க வேண்டும். மென்பொருளைக் கற்கத் தொடங்கும் மாணவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். இதற்குத்தான் 2,600 ரூபாய் தனியாக வாங்கினார்கள்.

காலையில் அழைத்தேன். "திரையில் தெரிவது தாளில் வராது சார்" என்றார் அதே ஆள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, பளிச்சென்ற ஆரஞ்சும் பச்சையும் மையில் மங்கும். அது எனக்கும் தெரியும். நான் திரையோடு ஒப்பிடவே இல்லையே! ஒரே மை, ஒரே தாள், ஒரே இயந்திரம். நான்கு தாளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அது மையின் குற்றமா? இதைக் கேட்டதும் "கோப்பு உங்களுடையதுதானே" என்று திருப்பினார். பிறகு மின்னஞ்சலில் புகார் எண் வந்தது. இரண்டு மணி நேரத்தில் அந்தப் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. அச்சடித்த பொருளுக்குப் பணம் திரும்பத் தரமாட்டார்களாம். இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதே இல்லை. அவர் அனுப்பிய ஷேடு கார்டு படம் அந்தத் தளத்தின் மாதிரிப் பக்கத்திலேயே கிடக்கிறது. எல்லோருக்கும் அதே படம்தான் போகிறது. 9,800 ரூபாய்! இந்த வேலையில் எனக்கு மிஞ்சவிருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நேரமில்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ரெவிட் மாடல் கோப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள், நீங்களே பி.டி.எஃப். எடுத்துக் கொடுங்கள். நான்கு முகப்பிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி ஒரே ஏ4 தாளில் முதலில் அச்சடித்துப் பாருங்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகாது. பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நாளை மறுநாள் ஆசிரியர் வீட்டுக்குப் புதிய தாள்களோடு போக வேண்டும். இன்றிரவு உட்கார்ந்து நான்கு முகப்பையும் நானே மறுபடி சரிசெய்யப் போகிறேன். அச்சுச் செலவு மீண்டும் என் கையிலிருந்துதான்.