கொச்சியா, வேம்பநாடா, யாழ்ப்பாணத் தீவுகளா? ரயிலும் படகும் சேர்ந்த சைக்கிள் பயணம்: ஓர் ஒப்பீடு

சனி, ஞாயிறோடு இன்னொரு நாள் லீவு ஒட்டிக்கொண்டால் போதும், சென்னை, கோவை சைக்கிள் நண்பர்களிடையே இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ரயிலில் போய் இறங்குவது, ஐம்பது அறுபது கிலோமீட்டர் நிதானமாக மிதிப்பது, நடுவில் சைக்கிளோடு ஒரு படகு ஏறுவது, மறுபடி ரயில் பிடித்து வீடு வந்து சேர்வது. கார் வேண்டாம், போன வழியே திரும்ப வேண்டியதும் இல்லை. எங்கே என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும்: கொச்சி–வைப்பின், ஆலப்புழாவை ஒட்டிய வேம்பநாட்டு ஏரி, யாழ்ப்பாணத்துத் தீவுகள்.

மூன்றும் மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். மூன்றிலும் தண்ணீர் உண்டு, படகு உண்டு, மீன் குழம்பு உண்டு. அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் விடிய விடியப் பேசலாம். என் கணக்கு வேறு. எந்தச் சைக்கிள், அது எப்படி வந்து சேரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊர் தானாக முடிவாகிவிடும்.

சைக்கிள் எப்படி வரும்?

முழு அளவுச் சைக்கிளை ரயிலில் கொண்டுபோக இரண்டு வழி. லக்கேஜ் என்று பதிந்தால், டிக்கெட்டைக் காட்டி நீங்கள் போகும் அதே வண்டியின் பிரேக் வேனில், அதாவது சாமான் ஏற்றும் பெட்டியில், ஏற்றலாம். பார்சல் என்று பதிந்தால் டிக்கெட்டே வேண்டாம். ஆனால் எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில்தான் போகும். நீங்கள் ஊர் திரும்பும் நாளில் சைக்கிள் ஆலப்புழாவில் இறங்கினால் என்ன பயன்? ஆகவே குறுகிய பயணத்துக்கு லக்கேஜ்தான். பார்சல் ஆபீஸ் கவுன்டரில் "இதே வண்டியில், டிக்கெட்டோடு, லக்கேஜ்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம், என் சைக்கிள் 14 கிலோதானே என்று வாதாட வேண்டாம். அந்தச் சலுகையில் சைக்கிள், ஸ்கூட்டர் எல்லாம் சேராது. வண்டி புறப்பட அரை மணி நேரம் முன்னால் வந்தால் போதும் என்பது விதி. எடை போட்டு, படிவம் நிரப்பி, ரசீது வாங்கி, பிளாட்பாரக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போவதற்குள் அந்த அரை மணி நேரம் காணாமல் போய்விடும். இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள்.

கட்டுவதையும் நீங்களே செய்வது நல்லது. ஹேண்டில் பாரைத் தளர்த்தி ஃபிரேமுக்கு இணையாகத் திருப்புங்கள். பெடல்களைக் கழற்றிப் பையில் போடுங்கள். இடது பெடலின் மரை தலைகீழாக ஓடும், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் மல்லுக்கட்டி மரையைத் தேய்த்தவர்கள் நிறையப் பேர். பின் கியர் பகுதியின் மேல் ஒரு கெட்டி அட்டையை வைத்து நூல் கயிற்றால் கட்டி, அப்புறம் சாக்கு சுற்றலாம். பெயர், பிஎன்ஆர் எண், இறங்கும் ஊர் எழுதிய அட்டை ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், ஒன்று கிழியும்.

இதையெல்லாம்விட முக்கியம், வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. நடுவழி ஸ்டேஷன்களில் இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் பிரேக் வேன் திறந்து, உங்கள் சைக்கிளுக்கு முன்னால் அடுக்கிய மூட்டைகளை நகர்த்தி இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். இங்கேதான் சென்னைக்காரருக்கு ஒரு வசதி: சென்னை சென்ட்ரலில் கிளம்பும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஆலப்புழாவிலேயே முடிகிறது. ஏற்றவும் அவசரம் இல்லை, இறக்கவும் அவசரம் இல்லை. கோவைக்காரருக்கு அந்த வசதி கிடையாது, நடுவில் ஏற்ற வேண்டும். வந்தே பாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதில் பார்சல் வேன் கிடையாது.

மடக்குச் சைக்கிள் இந்தத் தொல்லை எல்லாவற்றையும் தாண்டிவிடும் என்பார்கள். பாதி உண்மை. பெட்டிக்குள் கையோடு கொண்டுபோகும் சாமானுக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 100 × 60 × 25 செ.மீ.; ஏசி மூன்றடுக்கில் அதைவிடச் சின்னது. மடக்குச் சைக்கிள்களில் சின்னதாக மடங்குவதற்குப் பேர்போன பிராம்டனே மடித்தால் 27 செ.மீ. தடிமன். இருபது அங்குலச் சக்கரம் உள்ளவை அதைவிடப் பருமன், கீழ் பர்த்துக்கு அடியில் போகாது. கவர் போட்டு, யார் காலிலும் இடிக்காமல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் யாரும் அளவு நாடா எடுப்பதில்லை. எடுத்தால் சண்டை போட உங்களிடம் விதி இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி வாடகை. கௌரவம் குறைந்ததுபோல் நினைத்து இதை ஒதுக்குபவர்கள் உண்டு. வாடகைச் சைக்கிள் கியர் இல்லாதது, சீட் உயரம் சரிப்படாதது, எல்லாம் சரி. தட்டை நிலத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு அது போதும். பிரேக்கை மட்டும் வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள்.

கொச்சி–வைப்பின்: எளிது, ஆனால் படகு கொஞ்சம்தான்

எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கினால் தேவரை, வெல்லிங்டன் தீவு, தோப்பும்படி வழியாக ஃபோர்ட் கொச்சி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குள் கடந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பஸ்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு 2018 முதல் ஓடும் 'சேது சாகர்' ரோ-ரோ படகுகள் சைக்கிள்காரருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். சாய்தளம் தரையில் இறங்கும், சைக்கிளைத் தூக்கவே வேண்டாம், உருட்டிக்கொண்டு ஏறலாம். ஒரு படகு பழுதாகி நின்றால் கார் வரிசை தெருவரை நீளும். அப்போதும் சைக்கிள் ஓரமாகப் புகுந்துவிடும். குறை ஒன்றுதான்: சில நிமிடங்களில் அக்கரை வந்துவிடுகிறது.

வைப்பின் தீவு தெற்கு வடக்காக 25 கி.மீ. அளவு நீளம். பெரிய சாலையில் போகாமல் முடிந்தவரை கடல் பக்கத்துச் சின்னச் சாலைகளைப் பிடித்தால் செறாய் கடற்கரை வழியே முனம்பம் வரை போகலாம். அங்கிருந்து மால்யங்கரைப் பாலம் ஏறி கொடுங்கல்லூர். பழைய முசிறித் துறைமுகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. சங்கப் பாட்டில் படித்த பேரியாற்றைச் சைக்கிளில் கடப்பது தமிழ் வாசித்தவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இரவு தங்கிவிட்டு வடக்குப் பறவூர் வழியாக ஆலுவா வந்தால் ரயில் நிலையமும் உண்டு, மெட்ரோவும் உண்டு. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சில நிலையங்களில் சைக்கிளை அனுமதிக்கத் தொடங்கி அப்புறம் விரிவாக்கியது. ஆகவே எர்ணாகுளத்துக்குத் திரும்ப நெரிசலில் மிதிக்க வேண்டியதில்லை.

மடக்குச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் கோவையிலிருந்து கிளம்புபவர்களுக்கும் இதுவே பொருத்தம். முழுச் சைக்கிளை எர்ணாகுளத்தில் பிரேக் வேனிலிருந்து இறக்கும் பதற்றத்துக்கு இந்தப் பாதை ஈடாகுமா என்றால், இல்லை என்பேன்.

வேம்பநாடு: சொந்தச் சைக்கிளுக்கு இதுதான்

ஆலப்புழா ஸ்டேஷன் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிளைப் பிரித்து, பெடல் மாட்டி, காற்று பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். வடக்கே பதினைந்து கிலோமீட்டரில் முகம்மா. அங்கே கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஏரியைக் குறுக்கே கடந்து குமரகம் போகிறது. அரை மணி நேரத்துக்கு மேலான பயணம், நடு ஏரியில் இரண்டு கரையும் மெலிந்த பச்சைக் கோடாகத் தெரியும். சுற்றுலாப் படகு இல்லை இது; வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் அன்றாடப் படகு. டிக்கெட் ஒரு டீ, வடை விலைக்குள் முடியும். இருசக்கர வண்டிகளையும் ஏற்றுவார்கள். ஆனால் ரோ-ரோ போல் உருட்ட முடியாது: படகு விளிம்புக்கும் கரைக்கும் நடுவே ஓர் இடைவெளி ஆடிக்கொண்டே இருக்கும். பைகளை முதலில் கழற்றி உள்ளே கொடுத்துவிட்டு, முன் சக்கரத்தை வைத்து, படகுத் தொழிலாளி ஒருவர் பிடித்துக்கொண்டதும் பின் சக்கரத்தைத் தூக்க வேண்டும். பையோடு தூக்கினால் சைக்கிள் பின்பக்கம் சாய்ந்து இழுக்கும்.

கூட்டமான படகில் ஏறாதீர்கள், அடுத்ததற்குக் காத்திருங்கள். 2002 ஜூலை 27 அன்று இதே முகம்மா–குமரகம் வழியில் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். காலை எட்டரையிலிருந்து பத்து வரை ஆபீஸ் கூட்டம். அந்த நேரத்தில் சைக்கிளோடு போய் நிற்பது ஊர்க்காரர்களுக்கும் தொல்லை.

குமரகத்திலிருந்து வெச்சூர் வழியாக வைக்கம் இருபது கிலோமீட்டர் சுமார். இரண்டு பக்கமும் வயல், வாய்க்கால், வாத்துக் கூட்டம். வைக்கத்தில் தங்கலாம். 1924-ல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் பெரியார் சிறை சென்ற ஊர். அவருடைய நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது, கோயிலிலிருந்து நடந்தே போகலாம். மறுநாள் காலை தவணக்கடவுக்குப் படகு. இந்தத் தடத்தில்தான் 2017 ஜனவரியில் நாட்டின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகான 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. டீசல் சத்தமும் புகையும் இல்லாமல் கால் மணி நேரத்தில் அக்கரை. இங்கே சைக்கிளை ஏற்றுவது கூட்டத்தையும் படகு ஊழியர்களையும் பொறுத்தது. மறுத்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் தெற்கே வந்து தண்ணீர்முக்கம் தடுப்பணை மேலேயே ஏரியைக் கடந்துவிடலாம். கடல் உப்பு குட்டநாட்டு வயலுக்குள் ஏறாமலிருக்கக் கட்டிய அணை அது. கோடையில் ஷட்டர்களை அடைத்திருப்பார்கள், அணைக்கு ஒரு பக்கம் நன்னீரும் மறுபக்கம் உப்புநீருமாக இருக்கும். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி கையருகிலேயே இருப்பதுதான் இந்தச் சுற்றின் பெரிய பலம். மற்ற இரண்டிலும் இது இவ்வளவு சுலபமில்லை.

அங்கிருந்து சேர்த்தலா, மாராரிக்குளம் வழியாகக் கடலோரமாக ஆலப்புழா. மொத்தம் எழுபது கிலோமீட்டர் அளவு; இரண்டு நாளைக்குச் சோம்பலான தூரம். சேர்த்தலாவிலும் ரயில் நிலையம் இருக்கிறதே, அங்கேயே ஏறலாமே என்று தோன்றும். சைக்கிள் பிரேக் வேனில் போக வேண்டுமென்றால் அந்த ஆசையை விட்டுவிட்டு வண்டி கிளம்பும் ஆலப்புழாவுக்கே வாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் வாரத்தில் அறை கிடைக்காது. ஆகாயத்தாமரை மண்டிய நாட்களில் படகு தாமதமாகும், கடைசிப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத் தீவுகள்: சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

சாலையை மட்டும் பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். இருபுறமும் ஆழமில்லாத கடல், நடுவே நேர்கோடாகப் போகும் தாம்போதி (தீவுகளை இணைக்கும் கடல்வழிச் சாலை), எப்போதாவது ஒரு பஸ். யாழ்ப்பாணம் சைக்கிள் ஊர். விடுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும், பஞ்சர் ஒட்ட மூலைக்கு மூலை ஆள் உண்டு.

போகும் வழிதான் யோசிக்க வேண்டியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரம். சென்னை எழும்பூரிலிருந்து காரைக்கால் வண்டியில் நாகை, அங்கிருந்து கப்பல் என்றால் முழுக்க ரயிலும் கடலுமாகவே போய்விடலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நிற்கும், கடல் கொந்தளித்தாலும் நிற்கும். கொழும்பு வழியாக ரயிலில் போகலாம்: 1990-ல் அறுந்த வடக்குப் பாதை 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. அந்தப் பாதையும் அவ்வப்போது மூடப்படும். 2024-ல் மஹவவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே பராமரிப்பு வேலைக்காகப் பல மாதம் மூடியிருந்தார்கள். ஆக, மூன்று நாள் லீவில் இது நடக்காது. ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சுற்றுக்கு: யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை, ஊர்காவற்துறை. அங்கிருந்து காரைநகருக்கு ஊரார் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் கடக்க வேண்டும், காசு கிடையாது. கடக்கும்போது நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். காரைநகரில் கசூரினா கடற்கரையில் குளித்துவிட்டு, பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை வழியாகத் திரும்பலாம். மறுநாள் புங்குடுதீவு தாண்டி குறிகட்டுவான் வரை மிதித்து, நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகு. நயினாதீவு கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நெடுந்தீவு ஒரு மணி நேரம், அலையும் அதிகம். நெடுந்தீவில் பவளக்கல் வேலிகளுக்கு நடுவே, திறந்த வெளியில் குதிரைகள் மேய, மிதிப்பது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம். நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று நடந்த படுகொலையை அங்கே யாரும் மறக்கவில்லை. பேச்சு எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் துருவ வேண்டாம்.

படகுகள் ஒரு நாளைக்குச் சிலவே. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் இறங்கியதுமே கேட்டுவிடுங்கள். அப்புறம் காற்று. தாம்போதியில் ஒதுங்க மரம் கிடையாது. சோழகம் வீசும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். வெயிலும் சேர்ந்தால் முப்பது கிலோமீட்டர் அறுபதாகத் தோன்றும். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்.

சரி, எது?

சென்னையிலிருந்து சொந்தச் சைக்கிளோடு, முதன்முறையாக: வேம்பநாடு, யோசிக்கவே வேண்டாம். கோவையிலிருந்து மடக்குச் சைக்கிளோடு, இரண்டே நாள்: கொச்சி. ஒரு வாரம் லீவும் பாஸ்போர்ட்டும் இருந்து, வாடகைச் சைக்கிளில் ஏற மனம் இருந்தால்: யாழ்ப்பாணம். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் மறுபடி வேம்பநாடுதான், ஆனால் ஆலப்புழாவிலேயே வாடகைக்கு எடுத்து, முகம்மா–குமரகம் படகோடு நிறுத்தி, தண்ணீர்முக்கம் வழியாக வந்துவிடுங்கள். டிசம்பர் லீவுக்கு என்றால் யாழ்ப்பாணத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஆலப்புழா வண்டிக்கு இப்போதே டிக்கெட் பாருங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் கூட நீளமாக இருக்கும்.