பரந்தன் பக்கத்துச் சலூனில ஞாயிறு பின்னேரக் கதை: மூண்டு தரம் போய்வந்து எழுதுறன்

கிளிநொச்சியால பரந்தன் போற ஏ9 றோட்டில ஒரு சின்னச் சலூன். ரெண்டு கதிரை, சுவர் முழுக்கக் கண்ணாடி, சத்தம் போடுற ஒரு ஃபேன். கடையின்ர பேர் போடவேண்டாம் எண்டு சலூன்கார அண்ணை சொன்னவர், அதால போடேல்ல. மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டிட்டு ஆம்பிளையள் இருந்து மனநிலை பற்றிக் கதைக்கினம், காசும் இல்லை பதிவும் இல்லை.

முதல் தரம் நான் உண்மையா முடி வெட்டத்தான் போனனான். அண்டைக்குக் கதை கறுப்பின ஆம்பிளையளின்ர மனநிலையும் இனவாதமும் எண்டு. லண்டனில ஆஸ்பத்திரி வார்டில கனவருசம் வேலை செய்த ஒரு அண்ணை லீவில வந்து நிண்டவர், அவர்தான் தொடங்கினார். வாசல் பக்கம் இருந்த ஒராள் "உந்தக் காப்பிலியளின்ர கதை எங்களுக்கென்னத்துக்கு" எண்டிட்டார், நானும் சிரிச்சனான், பொய் சொல்லேல்ல. அண்ணை கோவப்படேல்ல. "அந்தச் சொல்லை லண்டனில இருந்துகொண்டே நானும் பத்து வருசம் சொன்னனான்" எண்டார், அதோட சிரிப்பு நிண்டுட்டுது.

பிறகு ஒலசெனி லூயிஸ் எண்ட கறுப்பினப் பெடியனைப் பற்றிச் சொன்னார். 2010 இல 23 வயசு, தலை சரியில்லையெண்டு தானாவே லண்டனில பெத்லெம் றோயல் எண்ட மனநல ஆஸ்பத்திரிக்கு வந்தவன், அங்க 11 பொலிஸ்காரர் சேர்ந்து அமத்திப் பிடிச்சவங்கள், நாலைஞ்சு நாளில ஆள் இல்லை. தாய் தேப்பன் விடாமல் நிண்டு 2018 இல அவன்ர பேரில சட்டமே வந்தது. இங்கிலாந்தில கறுப்பின ஆக்களை மனநலச் சட்டத்தால பிடிச்சு வைக்கிறது வெள்ளையளைவிட நாலு மடங்கு மாதிரியாம், அப்ப அவங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் பயப்பிடாமல் என்ன செய்வாங்கள் எண்டு கேட்டார். இன்னொண்டும் சொன்னார், 1851 இல அமெரிக்காவில கார்ட்ரைட் எண்ட டொக்டர் அடிமையள் தப்பி ஓடுறதுக்கே "டிரபீட்டோமேனியா" எண்டு ஒரு வருத்தத்தின்ர பேர் வைச்சவராம். மூலையில இருந்த ஐயா ஒராள் "ஓடுறது வருத்தமெண்டா 2009 இல வன்னி முழுக்க வருத்தக்காரர்தான்" எண்டார். சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்ல.

இந்தக் கதையைச் சலூனில ஏன் வைக்கினம் எண்டதுக்கும் லண்டன் அண்ணை காரணம் சொன்னார். லொஸ் ஏஞ்சல்ஸில 52 சலூன்களில பிரசர் கூடின கறுப்பின ஆம்பிளையள் 319 பேரை வைச்சுச் செய்த ஆராய்ச்சி ஒண்டு 2018 இல வந்திருக்கு, பார்மசிக்காரர் கடைக்கே வந்து மருந்து குடுத்த ஆக்களுக்குப் பிரசரின்ர மேல் அளவு சராசரி 27 புள்ளி இறங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகாதவன் முடி வெட்டப் போவான் எல்லோ.

எனக்கு மனசில நிக்கிறது அதுக்குப் பிறகு நடந்ததுதான். கதிரையில முடி வெட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணை, ஒருத்தரின்ர முகமும் பாக்காமல் கண்ணாடியைப் பாத்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினார். தேப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தால வந்தவராம், தான் பிறந்தது இஞ்சயாம், இப்பவும் பள்ளிக்கூடத்தில மகனைத் "தோட்டக்காட்டான்" எண்டுதான் கூப்பிடுறாங்களாம், பெடியன் போகமாட்டன் எண்டு நிக்கிறானாம், இவருக்கு இரவில நித்திரை இல்லை, நெஞ்சுக்குள்ள அடைக்குதாம். "யோசினை கூடிப்போச்சு தம்பி" எண்டு மட்டும் சொன்னார். இஞ்ச விசர் எண்டு பட்டம் கட்டிப்போடுவினம் எண்டு ஒருத்தரும் வேற சொல்லுச் சொல்லுறேல்லத்தானே. சலூன்கார அண்ணை கத்திரியை நிப்பாட்டேல்ல, மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே "எனக்கும் கலியாணவீட்டில கதிரை தள்ளித்தான் போடுவினம், ஆனா மாப்பிள்ளைக்குச் சேவ் எடுக்க நான் வேணும்" எண்டார்.

குறை சொல்லாமலும் விடேலாது. ரெண்டாவது தரம் ஒரு நிறுவனத்தால வந்தினம், பேர் வேண்டாம். பதாகை கட்டி, "கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் சோர்வாக உணர்ந்தீர்கள்" எண்டு படிவம் குடுத்து, எல்லாரையும் நிப்பாட்டிப் படமும் எடுத்துக்கொண்டு போச்சினம். அண்டைக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, ஐயா பேனையையே திருப்பிக் குடுத்திட்டார். மற்றது, நித்திரை இல்லையெண்ட அந்த அண்ணைக்கு கிளினிக் எந்த நாள், ஆரோட போறது எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. 1926 எண்ட மனநல நம்பர் கண்ணாடியில ஒட்டியிருக்கு, ஆனா கிறீம் போத்தலுக்குப் பின்னால. அதை இஞ்சால எடுத்து வையுங்கோ அண்ணை!

மூண்டாம் தரம் படிவம் இல்லை, பழையபடி நல்லா இருந்தது. காப்பிலி எண்டு சொன்ன ஆளும் வந்தவர், அண்டைக்கு அவர்தான் கனக்கக் கதைச்சது. அஞ்சுக்கு நாலு குடுப்பன். இஞ்சித் தேத்தண்ணி நல்லம், றோல்ஸ் நாலரைக்கு முடிஞ்சிடும், முந்திப் போங்கோ.