‘ஒறிஜினல்’ என்று சொல்லி 185,000 ரூபா வாங்கினார்கள்: மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கவனம்

185,000 ரூபா. மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரின் முன் மட்காட் (சில்லை மூடுகிற தகரம்) ஒரு சோடிக்குப் போன காசு. வந்து சேர்ந்தது 22 கேஜ் தகரம் (கேஜ் இலக்கம் கூடக் கூடத் தகரம் மெல்லிசு). பெட்டி திறந்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்னொருவர் காசு போடமுன் எழுதிவிட வேண்டும்.

விற்றது பழைய கார்ச் சாமான்கள் விற்கிற ஓர் இணையப் பக்கம். “பாவிக்காத ஒறிஜினல், அந்தக் காலத்து ஸ்ரொக், 1967 மைனருக்கு அச்சொட்டாய்ப் பூட்டலாம்” என்று போட்டிருந்தார்கள். நம்ப வைத்தது படம்தான். எண்ணெய்த்தாள் சுற்று, கறுப்பு பிறைமர் (அடிப்பூச்சு), ஓரத்தில் மஞ்சள் பிடித்த பி.எம்.சி. (மைனரைச் செய்த கொம்பனி) ஒட்டுத்துண்டு, அதில் பாக இலக்கம். தகரத்தின் தடிப்பைக் கேட்டதற்கு, “20 கேஜ் அண்ணை, இப்ப ஆர் இப்பிடி அடிக்கினம்?” என்றார் விற்றவர். அந்த ஒரு வசனத்தோடு முழுக்காசும் வங்கிக்குப் போனது.

ஒட்டுத்துண்டின் தாள்தான் மஞ்சள். நகத்தால் நெம்ப, பசை விரலில் பிசுபிசுத்தது. ஐம்பது வருசப் பசை பொருக்காய் உதிருமே தவிர இப்படி ஒட்டாது. உட்பக்கத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்க, கறுப்பு முழுதும் துணிக்கு வந்துவிட்டது. சூளையில் சுட்ட பிறைமர் இலேசில் அசையாது. இது வழியில் கறள் பிடிக்காமல் இருக்க அடித்த வெறும் பூச்சு. இதைச் சுரண்டி எடுக்காமல் மேலே பெயின்ற் அடித்தால் பொக்களித்துக் கழரும். பூச்சுப் போன ஓரத்தில் வேணியர் (தடிப்பு அளக்கும் கருவி) வைத்தால் 0.7 மி.மீ., அதாவது 22 கேஜ். 20 கேஜ் என்றால் 0.91 இருக்க வேண்டும்.

பிறகு எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் முறுக்கி, கதவைச் சாத்தி, போனற்றை இறக்கிப் பார்த்தோம். கதவோரத்து இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 11 மி.மீ. போல்ட் துளையை அராவி நீட்டினால் கீழே சரிவருகிறது, உடனே போனற் பக்கம் தூக்குகிறது. பிழை துளையில் இல்லை, வளைவில் இருக்கிறது. அச்சில் சரியாக இறங்காத தகரம் வெளியே வந்ததும் விரிந்து நிற்கும். அதைத் தட்டி எடுக்கலாம் என்றால் 0.7 தகரம் தட்டத் தட்ட நீண்டு அலையடிக்கும்.

இதைவிட வயிற்றெரிச்சல் விளக்குத் துளை. 1963 ஒக்ரோபரில் இருந்து மைனருக்கு சைட் லைற்றும் சிக்னலும் ஒன்றாய் உள்ள பெரிய விளக்கு வந்துவிட்டது. அனுப்பியதில் இருப்பது அதற்கு முந்திய சின்ன விளக்கின் துளை. 1967 என்று மூன்று தரம் சொல்லி வாங்கிய சாமான்!

விற்றவரைக் கேட்டதற்கு முதல் நாள் பதில்: “பழைய கார்தானே அண்ணை, கொஞ்சம் தட்டித்தான் பூட்டவேணும்.” இரண்டாம் நாள்: “பெட்டி கப்பலில வந்தபடியே அனுப்பினது, நான் திறந்தும் பார்க்கேல்லை.” அப்படியென்றால் படம் எடுத்தது யார்? கடைசியாக: “தின்னர் போட்டிட்டியள், இனித் திருப்பி எடுக்கேலாது.” அதன்பிறகு தொலைபேசியே எடுப்பதில்லை. 185,000 ரூபாவுக்கு இதுதான் மரியாதை.

புதிதாகச் செய்த மட்காட் என்பதற்காகக் கோபமில்லை. மைனருக்கான சாமான்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போன காலமும் இருந்தது. புதிது என்று சொல்லி, புதிதின் விலைக்கு, பொருந்துகிறதைத் தந்தால் தாராளமாய் வாங்கலாம். பொய் சொல்லி ஒறிஜினல் விலை வாங்கியதுதான் களவு.

பழைய மட்காட்டை மட்டும் அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். மைனர் முன் மட்காட்டில் கறள் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: சில்லுக்குப் பின்னால் சேறு தங்கும் கீழ் மூலை, ஹெட்லைற் கிண்ணத்தின் மேல்விளிம்பு. மேல்வளைவு நன்றாக இருந்தால் மூலையை நல்ல தகரம் வரும்வரை வெட்டி, அதே தடிப்பில் துண்டு செய்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வெல்டிங்கால் ஒட்டச் சொல்லுங்கள். ஒரே இழுப்பில் ஒட்டினால் சூட்டில் நெளியும். கதவோடு சேர்கிற வளைவு கார் வந்தபடியே இருக்கும். இந்தக் காரின் பழைய சோடிக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது. அது இன்னும் கராஜ் மூலையில் கிடக்கிறது.

எப்படித் தெரிந்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன். இப்போதைக்கு இவ்வளவும். முழுக்காசை முன்னால் போடவேண்டாம். ஓரத்தில் வேணியர் வைத்த படமும் விளக்குத் துளையின் அளவும் கேளுங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் கட்டலோய் (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கும். பூட்டிப் பார்க்கும்வரை தின்னரும் பெயின்றும் தொடவேண்டாம். பற்றுச்சீட்டில் ‘ஒறிஜினல்’ என்ற சொல்லையும் ஆண்டையும் எழுதி வாங்குங்கள். 185,000 ரூபாவுக்குத் தந்த சீட்டில் ‘மட்காட் 2’ என்று மட்டும்தான் இருக்கிறது.