ஹாட் டப் வயரிங்: 74,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்கள் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள்

வீட்டில் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) வைப்பவர்கள் கரண்ட் வேலையை எப்படித் திட்டமிட வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற ஆத்திரத்தில் எவ்வளவு முடியுமோ தெரியவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு பேர் உட்காரும் டப். அம்மாவின் மூட்டுவலிக்கு வெந்நீர் இதமாக இருக்கும் என்று வாங்கினோம். 3 கிலோவாட் ஹீட்டர், இரண்டு பம்ப்; எல்லாம் சேர்ந்து ஓடினால் 6 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் 26 ஆம்பியர் இழுக்கும். இதற்கு மெயின் போர்டிலிருந்தே தனி லைன் வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன். "சரிபார்க்கப்பட்ட நிபுணர்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வகை.

வந்தவரை நம்பாமல் இருக்கவே முடியாது. ஈபி கனெக்‌ஷனில் எத்தனை கிலோவாட் லோடு வாங்கியிருக்கிறோம் என்று அவராகவே கேட்டார். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். "தண்ணியும் கரண்டும் சேர்ற இடமுங்கண்ணா, இதுல மிச்சம் பிடிக்கக் கூடாது. 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அணைக்கும் ஸ்விட்ச்), தனி எர்த் குழி. இந்த மூணும் இல்லாம நான் வேலையே தொடமாட்டேன்" என்றார். அம்மாவிடம், "பயப்படாம உட்காருங்கம்மா, நான் பொறுப்பு" என்றார். பொருளும் கூலியும் சேர்த்து 74,000 ரூபாய். வேலை முடிந்த அன்றே முழுப் பணமும் செயலி வழியாகக் கட்டினேன்.

ஹீட்டரும் பம்புகளும் சேர்ந்து ஓடிய ஒரு மாலை சுவரிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. மெயினை அணைத்துவிட்டு, எங்கள் தெரு வயர்மேனைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தவர், "தம்பி, ஆர்சிசிபின்னா டெஸ்ட் பட்டன் இருக்கணுமே, இது எங்க?" என்றார். அங்கே இருந்தது வெறும் ஐசோலேட்டர், கையால் மட்டும் அணைக்கும் ஸ்விட்ச். பார்க்க அதே வடிவம்தான், ஆனால் கரண்ட் கசிந்தால் தானாக விழாது. 6 ஸ்கொயர் என்று சொன்ன வயரை உருவினால் மேலே 2.5 என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கு 40 ஆம்பியர் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்)! எம்சிபி விழுவதற்கு முன்னால் வயர் வெந்துவிடும். எர்த் வயரைத் தேடிக்கொண்டே போனால், மாடிக்குழாயின் இரும்புத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே முழுக்க பிவிசி. பூமிக்கும் அந்த வயருக்கும் சம்பந்தமே இல்லை.

தெரியாமல் செய்திருந்தால்கூட மனது ஆறும். எது வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அந்தத் தண்ணீரில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

செயலியில் புகார் கொடுத்தால் முதலில் "வருந்துகிறோம்". அப்புறம் "டெக்னீஷியனிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்". அப்புறம் "வாரண்டி வேலைக்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது". படங்கள், பில், எல்லாம் அனுப்பினேன். புகார் தீர்க்கப்பட்டதாக அவர்களே மூடிவிட்டார்கள். கடைசியில் பேசிய பெண் அடுத்த வேலைக்கு 500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். போனது 74,000 ரூபாய்! சுவரை உடைத்து மறுபடி வயர் இழுக்கும் செலவு இதில் சேரவில்லை. அந்த ஆள் போனே எடுப்பதில்லை.

விரிவாக எழுத இப்போது கை வரவில்லை. இதையாவது செய்யுங்கள்: குழாய்க்குள் இழுக்கும்போதே வயரில் அச்சிட்டிருக்கும் அளவைப் படியுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை உங்கள் கையால் அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். எர்த் குழியைத் தோண்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டப்பில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் இடத்தில் ஸ்விட்ச், ப்ளக் எதையும் வைக்க விடாதீர்கள். லைசன்ஸ் உள்ள வேறொருவர் வந்து சோதிக்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் எழுதுங்கள்.