நமுத்துப் போன பேப்பர்

இந்த முறை ஊட்டியில் இருந்தது பதினெட்டு நாள். இ-பாஸ் இரண்டே நிமிடத்தில் கிடைத்தது, மலை ஏறும்போது பிள்ளைகள் வாந்தி எடுக்கவில்லை, மாமா மகள் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது ஒரு பிரிண்டரைப் பற்றி. பதினெட்டில் நாலு நாளை அது தின்றுவிட்டது.

அப்பா அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துப்போக விசா வேண்டும். சென்னையில் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பம், பேங்க் ஸ்டேட்மென்ட், காப்பீடு, என் சம்பளச் சீட்டு என்று ஆளுக்கு நாற்பது பக்கம். வீட்டிலேயே லேசர் பிரிண்டர் இருக்கும்போது ஜெராக்ஸ் கடையில் போய் எதற்கு நிற்பது என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஜூலை மாதம் ஊட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் மேகம் கூடத்துக்குள் வந்து உட்காரும். துவைத்த துணி மூன்று நாளானாலும் கொடியில் சில்லென்றே கிடக்கும். பிரிண்டர் முதல் முறையே இரண்டு தாளைச் சேர்த்து இழுத்துச் சிக்கிக்கொண்டது. உருவி எடுத்து மறுபடி கொடுத்தால் எழுத்து பாதி கறுப்பு, பாதி வெளிறல். அப்பாவின் பெயரில் நடு எழுத்துகள் இரண்டைக் காணோம். தாளோ அப்பளம் மாதிரி சுருண்டு வெளியே வந்தது.

நான் மென்பொருள் வேலை செய்கிறவன். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். கேபிளை மாற்றினேன். அப்பாவின் கம்ப்யூட்டர் 2014இல் வாங்கியது; விண்டோஸ் 11ஐ அது ஏற்காது, 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழி போட வாகாக ஒன்று கிடைத்ததே என்று அரை நாள் அதை நோண்டினேன். அப்பா ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து எட்டிப் பார்த்தார்.

“பேப்பரைப் பார்த்தியா?”

“பார்த்தேன்பா. நிறைய இருக்கு.”

அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் பிரிண்டரை மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கமர்ஷியல் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. டீ குடிக்கப் போயிருக்கிறாராம். முக்கால் மணி நேரம் கழித்துப் போனால் கரன்ட் இல்லை. நான் இருக்கும் ஷ்டுட்கார்ட்டில் எதற்கும் முன்பதிவு உண்டு. ஆனால் பிரிண்டரைச் சரிசெய்ய முன்பதிவு கேட்டால் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே எந்த நேரமும் போகலாம், ஆள்தான் இருக்க மாட்டார். மூன்றாவது தடவை ஆளும் இருந்தார், கரன்ட்டும் இருந்தது. பிரிண்டரைத் திறந்து, துணியால் ரோலரைத் துடைத்து, மேஜை மேலிருந்த புதுக் கட்டைப் பிரித்து ஒரு தாளை வைத்து அழுத்தினார். அச்சு கண்ணாடி மாதிரி வந்தது.

“நல்லாத்தானே சார் வருது?” 350 ரூபாய்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் பழைய கதைதான். திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே மறுபடியும் பளிச். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “உங்க வீட்டு லைன்ல வோல்டேஜ் சரியில்ல சார், ஸ்டெபிலைசர் போட்டுடுங்க” என்றார். போட்டேன். 2,200 ரூபாய். அது சிவப்பு விளக்கை எரியவிட்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தது. தாள் சுருண்டுகொண்டேதான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பக்கத்தில் வந்து நின்று, டிரேயிலிருந்து ஒரு தாளை உருவினார். ஒரு மூலையைப் பிடித்துக் காதருகே உதறினார். சத்தமே வரவில்லை, ஈரத் துணி மாதிரி ஆடியது.

“நமுத்துப் போயிருக்குடா.”

எனக்குச் சுருக்கென்றது. நமுத்துப் போவது. அப்பளம், முறுக்கு, வர்க்கி எல்லாம் நமுக்கும். பேப்பரும் நமுக்கும் என்று இரண்டு நாளாக எனக்குத் தோன்றவேயில்லை. ஷ்டுட்கார்ட்டில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று அவ்வளவு வறட்சி. பேப்பர் கட்டை ஒரு வருடம் பிரித்தே வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. இங்கே கட்டின் உறையைப் பிரித்தால் ஒரே ராத்திரி போதும். மின்னூட்டத்தை வைத்துத்தான் லேசர் பிரிண்டரில் மைத்தூள் தாளுக்கு இழுக்கப்படுகிறது. தாளில் ஈரம் இருந்தால் அந்த மின்னூட்டம் கசிந்துபோய், எழுத்து அங்கங்கே ஒட்டாது. அப்புறம் சூடான ரோலருக்கு இடையில் போகும்போது ஈரம் ஆவியாகும், தாள் சுருளும். கடைக்காரர் தினம் புதுக் கட்டுப் பிரிக்கிறவர். அவர் கடையில் வராதது என் வீட்டில் வந்ததற்கு இவ்வளவுதான் காரணம்.

அப்பாவுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்து நகர் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வாழ்நாள் பூரா இருந்தவர். 1960இல் தொடங்கிய நிறுவனம், இப்போது இல்லை. இருட்டில் வேலை, ஃபிலிமில் பூசும் ஜெலட்டினுக்கு அறையின் ஈரம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஆகாது. அந்தப் பழக்கம் அவரை விடவேயில்லை. அவர் அறையில் ஒரு மர அலமாரி. உள்ளே எப்போதும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியும். பெயர்தான் ஜீரோ, கதவைத் திறந்தால் கோழிக்குஞ்சுப் பெட்டி மாதிரி வெதுவெதுப்பு. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கேமராக்களை அங்கேதான் வைப்பார். ஒரு கிண்ணத்தில் சிலிக்கா ஜெல் மணிகள். நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, ரோஸ் ஆகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு பழைய வாணலியில் போட்டு வறுப்பார், மறுபடி நீலமாகும். அதற்கென்று அம்மா ஒரு வாணலியைத் தள்ளி வைத்ததே பெரிய சண்டைக்குப் பிறகுதான்.

பேப்பர் கட்டை அந்த அலமாரியில் வைக்கப் போனபோதுதான் மூலையில் என் ஐபாட் கண்ணில் பட்டது. 2008இல் வாங்கிய 120 ஜிபி கிளாசிக். பாட்டுக் கேட்க அப்பாவுக்கு விட்டுப்போனது. அகலமான அந்தப் பழைய கேபிளும் ரப்பர் பேண்ட் சுற்றிப் பக்கத்திலேயே இருந்தது. செருகி அரை மணி நேரம் வைத்தேன். உள்ளே குட்டி ஹார்ட் டிஸ்க் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றும் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! ஜெர்மனியில் மேஜை டிராயரில் போட்டிருந்த இன்னொன்று எப்போதோ செத்துவிட்டது. “பாட்டு கேட்பீங்களாப்பா?” என்றேன். “அதுல எப்படி நிறுத்துறதுன்னு நீ சொல்லித் தரலையே” என்றார்.

சனிக்கிழமை காலை எண்பது பக்கமும் ஒரு சிக்கல் இல்லாமல் வந்தன. ஸ்டெபிலைசரை அம்மா ஃபிரிட்ஜுக்கு வைத்துக்கொண்டாள்.

தாள்களை வர்க்கி டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே நீல மணிப் பொட்டலம் ஒன்றும் போட்டு அப்பா சென்னை வரை மடியிலேயே வைத்திருந்தார். சென்னையின் வெயிலுக்கு எதற்கு இது என்று கேட்டேன். கேட்காத மாதிரி இருந்தார். கவுன்டரில் இருந்த பெண் டப்பாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எண்பது பக்கத்தையும் புரட்டிவிட்டு, “பாஸ்போர்ட் கடைசிப் பக்கம் ஜெராக்ஸ் இல்லையே சார், கீழே கடை இருக்கு” என்றாள்.

கீழே போனோம். பக்கம் பத்து ரூபாய். கடைக்காரர் நீட்டிய தாளை அப்பா வாங்கி, காதருகே கொண்டுபோய் ஒரு உதறு உதறினார். சடசடவென்றது. தலையை ஆட்டிவிட்டு டப்பாவுக்குள் வைத்தார்.